சீம்பாலுக்கு ஒரு பிரிக்ஸ் மீட்டர்: எதை வாங்குவது, எப்படிப் பார்ப்பது, எங்கே தவறும்

கன்றுக்கு எதிர்ப்பு சக்தி கூடும் என்று சொல்லி விற்கும் பொருட்கள் இப்போது மாட்டு மருந்துக் கடைகளில் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. சீம்பால் பவுடர், பால் மாற்றுப் பவுடர், புரோபயாடிக் பொட்டலம், கல்லீரல் டானிக், வைட்டமின் சொட்டு மருந்து. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது என்று நாங்கள் சொல்வது, சுமார் 1,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சாண் நீளக் குழாயை: 0 முதல் 32 வரை அளவு போட்ட கை ரிஃப்ராக்டோமீட்டர். பிரிக்ஸ் மீட்டர் என்று கேட்டால் கடையில் புரியும். விழுப்புரம், கடலூர், ஈரோடு பக்கம் கரும்பு வைத்திருப்பவர்கள் இதை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். வெட்டுக்கு முன் கரும்புச் சாற்றில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, கரும்பு முற்றியதா என்று பார்ப்பது இதே கருவியில்தான். சாறு இருந்த இடத்தில் சீம்பால் வைத்து, அதில் எதிர்ப்புப் புரதம் போதுமா என்று பார்க்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தச் சின்னக் கருவிக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு என்பதைக் கன்றின் உடம்பிலிருந்துதான் சொல்ல வேண்டும். மனிதக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயின் எதிர்ப்புப் புரதங்களை நஞ்சுக்கொடி வழியாக வாங்கிக்கொண்டு பிறக்கிறது. பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. தாயின் இரத்தத்துக்கும் கன்றின் இரத்தத்துக்கும் இடையில் உள்ள அடுக்குகள் அந்தப் பெரிய புரதங்களை உள்ளே விடுவதில்லை. ஆகவே பிறந்த கன்றின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஏறக்குறைய இல்லவே இல்லை. ஈனுவதற்கு முந்தைய சில வாரங்களில் தாய் தன் இரத்தத்திலிருந்து ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை எடுத்து மடியில் சேர்த்து வைக்கிறது. கன்றின் சிறுகுடலும் பிறந்த சில மணி நேரத்துக்கு அந்தப் புரதத்தைச் செரிக்காமல் முழுசாக இரத்தத்துக்குள் அனுப்புகிறது. முதல் 4 முதல் 6 மணி நேரம் இந்த வழி நன்றாகத் திறந்திருக்கும். 12 மணி நேரத்தில் வெகுவாகக் குறுகிவிடும். 24 மணி நேரத்தில் அடைந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது குடலுக்குள் மட்டும் வேலை செய்யும், இரத்தத்துக்குப் போகாது.

தாயிடமிருந்து வந்த ஐஜிஜி கன்றின் உடம்பில் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கன்று தானாக எதிர்ப்புப் புரதம் செய்யக் கற்றுக்கொள்ளவும் வாரக்கணக்கில் ஆகும். பழையது கரைந்து புதியது இன்னும் சேராத இந்த இடைவெளியில்தான், மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை, சளியும் நிமோனியாவும் கன்றைப் பிடிக்கின்றன. அதற்கும் முன்னால், முதல் நான்கு நாளில் ஈ.கோலை கழிச்சல், இரண்டாம் வாரத்தை ஒட்டி ரோட்டா வைரஸ் கழிச்சல். முதல் நாள் எவ்வளவு உள்ளே போனதோ அதை வைத்துத்தான் கன்று இத்தனையையும் தாண்ட வேண்டும்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைப் பற்றி அழுத்திச் சொல்லியாக வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் சீம்பால் கறக்கலாம் என்று காத்திருப்பது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. நஞ்சு விழ 6, 8 மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் கன்றின் குடல் பாதி வழியை மூடிக்கொண்டிருக்கும். மடியில் இருக்கும் சீம்பாலும் நேரம் போகப் போக நீர்த்துக்கொண்டே வரும். கன்று ஊட்டுவதே நஞ்சு விழ உதவும் என்பதால், காத்திருப்பதில் தாய்க்கும் லாபம் கிடையாது. சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிளறி அக்கம்பக்கம் கொடுப்பது நல்ல வழக்கம்தான். அது கன்றின் பங்கு போன மிச்சத்தில் நடக்கட்டும்.

22 என்ற எண்

ஒரு லிட்டர் சீம்பாலில் 50 கிராம் ஐஜிஜி இருந்தால் நல்ல சீம்பால் என்பது உலகம் முழுக்கப் பண்ணைகளில் ஏற்றுக்கொண்ட கணக்கு. பிரிக்ஸ் மீட்டரில் அது 22 என்று தெரியும். கருவி நேரடியாக ஐஜிஜியை எண்ணுவதில்லை. திரவத்தில் கரைந்திருக்கும் திடப்பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. சீம்பாலின் திடப்பொருளில் எதிர்ப்புப் புரதத்தின் பங்கு பெரியது என்பதால் இந்தக் குறுக்குவழி பலிக்கிறது. இந்த 22 பசுவின் சீம்பாலுக்கு நிலைநாட்டிய எண். எருமைச் சீம்பாலுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாதா என்றால், முடியாது. கெட்டியாகவும் மஞ்சளாகவும் இருப்பது பெரும்பாலும் கொழுப்பாலும் தீவனத்திலிருந்து வரும் கரோட்டினாலும்தான். ஜெர்சி கலப்பினத்தின் சீம்பால் பார்க்க அடர்ந்த மஞ்சளாக இருந்து மீட்டரில் 19 காட்டலாம். வெளிறிய சீம்பால் 25 காட்டலாம். தலையீற்றுக் கிடேரியின் சீம்பால் மட்டம் என்று அளக்காமலே கீழே ஊற்றுவதும் தவறு. சராசரியில் மூத்த மாடுகளுக்குக் கூடுதல் என்பது உண்மை. ஆனால் கிடேரிகளிலும் 22 தாண்டுபவை நிறைய உண்டு.

22 என்பது தேர்ச்சி மதிப்பெண் மட்டும்தான். 25 கிலோ எடையுள்ள கன்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் கலப்பினக் கன்றுகள் பெரும்பாலும் இதை ஒட்டித்தான் இருக்கும். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.5 லிட்டர், முதல் 2 மணி நேரத்துக்குள் கொடுக்கிறோம். லிட்டருக்கு 50 கிராம் என்றால் உள்ளே போவது 125 கிராம் ஐஜிஜி. அதில் சுமார் 30 சதவீதம் இரத்தத்தில் சேரும் என்று வைத்தால் 37 கிராம். 25 கிலோ கன்றின் இரத்த நீர் ஏறக்குறைய 2.4 லிட்டர். ஆக ஒரு லிட்டருக்கு 15 கிராம் சொச்சம். இது தப்பித்த நிலை. நல்ல நிலைக்கு 18-க்கு மேல் வேண்டும், மிக நல்ல நிலைக்கு 25. அதனால்தான் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை, எடையில் 5 சதவீதம் (இந்தக் கன்றுக்கு 1.25 லிட்டர்) கட்டாயம் கொடுக்கச் சொல்கிறோம். லிட்டருக்கு 80 கிராம் உள்ள சீம்பால் கிடைத்தால் அதே 2.5 லிட்டரிலேயே 25-ஐத் தொட்டுவிடலாம். மாட்டுக்கு மாடு இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது அளக்காமல் கொடுப்பது குருட்டாம்போக்கு.

எதை வாங்குவது

கடைகளிலும் இணையத்திலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பல கருவிகள் விற்கிறார்கள். அளவுகோல் 0–32 என்று இருக்க வேண்டும். தேனுக்கான 58–90, ஜாமுக்கான 28–62 இரண்டும் சீம்பாலுக்கு உதவாது. இறால் பண்ணைக்கான உப்பு மானியும் உருவத்தில் இதே போல இருக்கும். அதன் அளவுகோலே வேறு. இறால் பண்ணை உள்ள கடலோர மாவட்டங்களில் வாங்குபவர்கள் இதைக் கவனித்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, 'ஏடிசி' என்ற எழுத்து. கருவி தானே வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் என்று பொருள். மலிவான கருவிகளில் இந்தத் திருத்தம் 10 முதல் 30 டிகிரி வரைக்கும்தான். சித்திரை மாதம் மதியம் தகரக் கொட்டகையில் 38 டிகிரி இருக்கும்போது அந்தத் திருத்தத்தை நம்ப முடியாது. கருவியை வீட்டுக்குள் நிழலில் வைத்து, அளப்பதற்குச் சற்று முன் அதே இடத்திலேயே பூஜ்ஜியம் பார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

டிஜிட்டல் கருவிகள் விலையில் பல மடங்கு. கோடு மங்கலாகத் தெரியும் தொல்லை அவற்றில் இல்லை, இரவில் பார்க்கலாம். வருடத்துக்கு நூறு கன்று பார்க்கும் பண்ணைக்கு அது தகும். பத்து மாடு வரை வைத்திருப்பவருக்குத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. மற்றொரு மாற்று, சீம்பாலில் மிதக்கவிடும் கண்ணாடி மிதவை மானி. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை போட்டிருக்கும், படிப்பது சுலபம். ஆனால் 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்துக்குச் சரிபார்த்த கருவி அது. அப்போதுதான் கறந்த சூட்டில் குறைத்துக் காட்டும், குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததில் கூட்டிக் காட்டும். உருளை நிறையச் சீம்பாலும் வேண்டும். கை தவறினால் உடைந்துவிடும். நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பார்க்கும் முறை

பெட்டியில் கருவியோடு ஒரு சின்னத் திருப்புளி, ஒரு பிளாஸ்டிக் பிப்பெட், துடைக்கும் துணி இருக்கும். முதலில் பூஜ்ஜியம். பேட்டரிக் கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் கலந்ததை வாங்கிவிடாமல் கேட்டு வாங்குங்கள். இரண்டு சொட்டு கண்ணாடியில் விட்டு, மூடியைக் குமிழி இல்லாமல் சாத்தி, அரை நிமிடம் விட்டுப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 0-வில் நிற்க வேண்டும். இல்லையென்றால் திருப்புளியால் மேலே உள்ள திருகைத் திருப்பி 0-வுக்குக் கொண்டுவரலாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சரிபார்த்தால் அந்த உப்பே பிழையாகும். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீர் ஏறக்குறைய 0.2 தள்ளிவிடும். சீம்பாலுக்கு அது பெரிதல்ல. பின்னால் சொல்லப்போகும் இரத்தப் பரிசோதனைக்கு அது பெரிது.

மாதிரி எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முதல் பீச்சில் வரும் இரண்டு சொட்டை அளந்து பயனில்லை. நான்கு காம்பையும் முழுசாகக் கறந்து, ஒரே பாத்திரத்தில் கலக்கி, அதிலிருந்து எடுக்க வேண்டும். சொட்டை வைத்து மூடி, 30 நொடி பொறுங்கள். கறந்த சூட்டில் இருந்தாலும் ஒரு சொட்டு அதற்குள் கண்ணாடியின் வெப்பத்துக்கு வந்துவிடும். பிறகு சன்னல் வெளிச்சம் அல்லது டார்ச் பக்கம் திருப்பிப் பாருங்கள். கரும்புச் சாறு போல இங்கே கோடு கத்தி முனையாய்த் தெரியாது. கொழுப்புத் துளிகளால் ஓரம் சற்றுப் புகைபோல இருக்கும். அந்தப் புகைப் பட்டையின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை இரண்டு மூன்று அளவு அகலமாக இருந்தால் மாதிரி சரியாகக் கலக்கப்படவில்லை அல்லது மூடிக்கடியில் குமிழி இருக்கிறது. துடைத்துவிட்டுப் புதிய சொட்டு வையுங்கள்.

முடிந்ததும் ஈரத் துணியால் உடனே துடைக்க வேண்டும். சீம்பால் காய்ந்தால் கோந்து மாதிரி ஒட்டும். அடுத்த முறை கோடே தெரியாது. குழாயடியில் பிடித்துக் கழுவுவது இந்தக் கருவியைக் கொல்லும் நேரான வழி. கண் வைக்கும் பக்கத்தின் வளையத்துக்குள் தண்ணீர் ஏறினால் உள்ளே ஆவி படிந்து, ஐப்பசி மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா பொட்டலம் போட்டு வைப்பது நல்லது. சாம்பல், பாத்திர நார் எதுவும் கண்ணாடியில் படக் கூடாது. ஒழுங்காக வைத்துக்கொண்டால் இதில் தேய்ந்து போகும் பாகம் என்று எதுவும் இல்லை, பேட்டரியும் கிடையாது.

இந்தக் கருவி ஏமாற்றும் இடங்களும் உண்டு. தண்ணீரில் கரைத்த சீம்பால் பவுடரை இதில் வைத்து 22 வருகிறதா என்று பார்க்காதீர்கள். பவுடரில் உள்ள சர்க்கரையும் மற்றத் திடப்பொருளும் எண்ணை ஏற்றிவிடும். ஐஜிஜி எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. சீம்பாலில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்பதும் இதற்குத் தெரியாது. அழுக்கு வாளியில் கறந்த 26-ஐ விட, சுத்தமான பாத்திரத்தில் கறந்த 22 மேல். காரணம் நேரடியானது: கிருமிகள் குடலுக்கு முதலில் போனால் ஐஜிஜி உள்ளே செல்வதைத் தடுக்கின்றன. காம்பைக் கழுவித் துடைத்து, வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவிய எவர்சில்வர் பாத்திரத்தில் கறந்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். நம் வெயிலில் வாளியில் விட்டு வைத்த சீம்பாலில் கிருமி அரை மணிக்குள் இரட்டிப்பாகும்.

குறைந்து காட்டினால்

22-க்கு மேல் என்றால் முன்சொன்னபடி எடையில் 10 சதவீதமும் பிறகு 5 சதவீதமும். 18-க்கும் 22-க்கும் நடுவில் என்றால் அளவைக் கூட்ட வேண்டும்: முதல் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் இரண்டு முறை, கன்று ஏற்கும் அளவு. 18-க்குக் கீழ் என்றால் முதல் வேளைக்கு அது போதாது. சேமித்த நல்ல சீம்பால் இருந்தால் அதைக் கொடுங்கள். எதுவும் இல்லையென்றால், இருப்பதை உடனே, அதிக முறை கொடுங்கள். அளந்து பார்த்துவிட்டுக் கொடுக்காமல் விடுவது எல்லாவற்றிலும் மோசமான முடிவு.

மறுபடியும் குறையாமல் இருக்கக் காரணத்தைத் தேட வேண்டும். பால் வற்றவிடாமல் ஈனும் வரை கறந்த மாடா? வற்றிய காலம் மூன்று நான்கு வாரத்துக்கும் குறைவாக இருந்தால் சீம்பால் சேர நேரமில்லை. 60 நாள் விட வேண்டும். ஈனுவதற்கு முன்பே மடியிலிருந்து ஒழுகியதா, மடி கட்டியது என்று முன்கூட்டியே கறந்தார்களா, ஈன்று எத்தனை மணி நேரம் கழித்துக் கறந்தது? கோடையில் ஈனும் மாடுகளுக்கு இன்னொரு சங்கதி உண்டு. கடைசிச் சினைக் காலத்தில் வெப்பத்தில் வாடிய மாடுகளின் கன்றுகள் எடை குறைவாகப் பிறப்பதையும், நல்ல சீம்பால் கொடுத்தாலும் ஐஜிஜியைக் குறைவாக உறிஞ்சுவதையும் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சினைமாட்டுக்கு நிழலும் தண்ணீரும் காற்றும் கன்றின் எதிர்ப்பு சக்திக்கான செலவுதான். கறவை நின்ற மாடுதானே என்று அதை வெயிலில் கட்டக் கூடாது.

25-க்கு மேல் காட்டும் சீம்பால் மிஞ்சினால் உறையவைத்துச் சேமியுங்கள். ஒரு லிட்டர் பையில் தட்டையாக ஊற்றி, மாட்டின் அடையாளம், தேதி, பிரிக்ஸ் எண் மூன்றையும் எழுதி, மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் ஒரு வருடம் தாங்கும். வெள்ளை அணுக்கள் செத்துவிடும், ஐஜிஜி கெடாது. வீட்டுக் குளிர்பெட்டியில் தானாகப் பனி நீக்கும் வகையும், மின்வெட்டும் சேர்ந்தால் உருகி உறைந்து உருகும். அங்கே சில வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். உருக்கும்போது 50 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் பையை மிதக்கவிடுங்கள். அடுப்பில் வைத்தால் திரிந்துபோகும். எதிர்ப்புப் புரதமும் அதோடு போய்விடும். அடுத்த வீட்டு மாட்டின் சீம்பாலை வாங்குவதென்றால், கருச்சிதைவு நோய், காசநோய் இல்லாத மாடு என்று கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும்.

எப்படிக் கொடுப்பது என்பதில் ஒரு வார்த்தை. காம்பு வைத்த பாட்டில் நல்லது. பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். சீக்கிரம் குடிக்கட்டும் என்று ஓட்டையைப் பெரிதாக வெட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும். கன்றின் தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடிப்பதும் அதே ஆபத்துதான். குழாய் விட்டுக் கொடுப்பது, பழகிய கை இல்லாமல் வேண்டாம். தாயிடமே ஊட்டவிட்டால் எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் வேளையைக் கறந்து அளந்து கொடுத்துவிட்டுப் பிறகு ஊட்டவிடலாம்.

அதே கருவிக்கு இரண்டாவது வேலை

எங்களைப் பொறுத்தவரை இந்தக் கருவியின் விலை நியாயமாவது இங்கேதான். கொடுத்த சீம்பால் உண்மையில் இரத்தத்தில் சேர்ந்ததா என்பதையும் இதிலேயே பார்க்கலாம். பிறந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு, ஒரு வாரத்துக்குள், கால்நடை மருத்துவரைக் கொண்டு சில மில்லி இரத்தம் எடுத்து, வெறும் குழாயில் உறையவிட்டு, மேலே தெளியும் மஞ்சள் நீரில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். 9.4-க்கு மேல் மிக நன்று. 8.9 முதல் 9.3 வரை நன்று. 8.1 முதல் 8.8 வரை சுமார். 8.1-க்குக் கீழ் என்றால் கன்று வெறுங்கையோடு இருக்கிறது. 2020-இல் அமெரிக்க நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகள் இவை. பண்ணைக் கன்றுகளில் 40 சதவீதத்துக்கு மேல் முதல் வகையிலும், 10 சதவீதத்துக்குக் குறைவாகக் கடைசி வகையிலும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. இங்கே 0.2 பிழைகூட வகையை மாற்றிவிடும் என்பதால்தான் பூஜ்ஜியத்தைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தினோம். கழிச்சலால் நீர் வற்றிய கன்றில் எண் பொய்யாக ஏறும். அப்போது பார்க்க வேண்டாம்.

பவுடர்களைப் பற்றி

சீம்பால் பவுடர் வாங்குபவர் பொட்டலத்தில் பார்க்க வேண்டியது ஒரே வரி: ஒரு வேளைக்கு எத்தனை கிராம் ஐஜிஜி. அமெரிக்காவில் சீம்பாலுக்கு முழு மாற்று என்று விற்க ஒரு வேளைக்குக் குறைந்தது 100 கிராம் வேண்டும். அதற்குக் குறைந்தவை துணை உணவுதான். பெரிய கன்றுகளுக்கு 150 முதல் 200 கிராம் வேண்டும் என்பதே துறையில் உள்ளவர்கள் சொல்வது. ஐஜிஜி அளவே அச்சிடாத பொட்டலத்தை, மற்ற எவ்வளவு சத்துப் பட்டியல் இருந்தாலும், சீம்பாலுக்கு மாற்றாக நம்பக் கூடாது. இரண்டாம் நாளிலிருந்து சீம்பால் பவுடரைப் பாலில் கலந்து கொடுத்தால் குடல் சுவரோரம் பாதுகாப்பு கிடைக்கும். இரண்டு வாரம் வரை அது கழிச்சலைக் குறைக்க உதவும். இரண்டாம், மூன்றாம் கறவைச் சீம்பாலும் இந்த வேலையைச் செய்யும், செலவில்லாமல். அதைச் சங்கத்துக்கு ஊற்றவும் முடியாது என்பதால், முழுவதும் கன்றுக்கே.

கல்லீரல் டானிக்குகளுக்கு முதல் நாள் தவறிய ஐஜிஜியைத் திரும்பக் கொண்டுவரும் சக்தி கிடையாது. அந்தப் பணத்தைப் பாலுக்குச் செலவிடலாம், ஏனெனில் அடுத்த தவறு அங்கேதான் நடக்கிறது. 25 கிலோ கன்று சும்மா உயிர் தாங்கவே நாளுக்கு ஒன்றே முக்கால் லிட்டர் பால் வேண்டும். எடையில் 10 சதவீதம் என்ற பழைய கணக்குப்படி 2.5 லிட்டர் கொடுத்தால், வளரவும் எதிர்ப்பு அணுக்களைப் பெருக்கவும் முக்கால் லிட்டர்தான் மிச்சம். நோய்க் கிருமியோடு போராடுவது உடம்புக்குப் பெரும் சக்திச் செலவு. அரை வயிற்றுக் கன்றால் அது முடியாது. முதல் மாதம் 15 முதல் 20 சதவீதம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, கொடுக்க வேண்டும். பால் விற்கிற விலையில் இது வலிக்கும் என்பது தெரிந்தே சொல்கிறோம்.

அங்கேதான் பால் மாற்றுப் பவுடர் வருகிறது. வாங்கினால் புரதம் 20 முதல் 24 சதவீதம், கொழுப்பு 15 முதல் 20 சதவீதம் இருக்கட்டும். நார்ச்சத்து என்ற வரியைப் பாருங்கள்: 0.2 சதவீதத்துக்கு மேல் என்றால் சோயா மாவு போன்ற தாவரப் புரதம் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மூன்று வாரத்துக்குட்பட்ட கன்றுக்கு அது செரிக்காது. 125 முதல் 150 கிராம் பவுடரை 45 முதல் 50 டிகிரி வெந்நீரில் கரைத்து மொத்தம் ஒரு லிட்டராக்கி, 39 டிகிரிக்கு ஆறியதும் கொடுக்க வேண்டும். ஆறிய தண்ணீரில் கரைத்தால் கொழுப்பு மேலே மிதக்கும். கரண்டிக் கணக்கை விட்டு எடை போடுங்கள். சிக்கனம் என்று நீர்க்கக் கரைப்பதும், பாலிலிருந்து ஒரே நாளில் மாற்றுவதும் கழிச்சலுக்கு அழைப்பு. நான்கைந்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

கன்றுத் தீவனத்தை முதல் வாரத்திலேயே ஒரு பிடி வையுங்கள், பக்கத்தில் நல்ல தண்ணீர். தூளாக இருந்தால் கன்று மூக்கை இழுத்துக்கொள்ளும். கரகரப்பாக இருப்பதை வாங்குங்கள். கறவை மாட்டுத் தீவனத்தைக் கன்றுக்குப் போடாதீர்கள். அதில் யூரியா இருக்கலாம், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் இருக்கலாம். இரண்டையும் தாங்கும் வயிறு கன்றுக்கு இன்னும் வரவில்லை. தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு ஒரு கிலோ தீவனம் தின்னும் வரை பாலை நிறுத்த வேண்டாம். 10 முதல் 15 நாளுக்குள் குடற்புழு மருந்து அவசியம், ஏனென்றால் கன்றின் உருண்டைப் புழு தாய்ப்பால் வழியாகவே வரும், குறிப்பாக எருமையில்.

யார் வாங்கலாம்

வருடத்துக்கு நான்கு ஐந்து கன்று ஈனும் வீட்டுக்கு இந்தக் கருவி முதல் வருடமே வரவு. கழிச்சலில் போகும் ஒரு கிடேரிக் கன்றின் விலையில் பல கருவிகள் வாங்கலாம். ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்கள் பால் சங்கத்துக்குப் பொதுவாக ஒன்று வாங்கி வைக்கலாம். கருவியைக் கேட்டு வரும் நேரம் எப்போதும் நள்ளிரவாகத்தான் இருக்கும் என்பதால், பூட்டிய சங்க அலுவலகத்தில் வைக்காமல், கொட்டகைக்குப் பக்கத்து வீட்டில், காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டிலோடும் ஒரு டார்ச்சோடும் வையுங்கள். புதிதாக வந்ததும் முதல் வேலை பூஜ்ஜியம் பார்ப்பது. திருகைத் திருப்பியும் கோடு 0-வுக்கு வரவில்லை, அல்லது தண்ணீரிலேயே கோடு மங்கலாகத் தெரிகிறது என்றால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.